உறைந்தது வேறு, இறுகியது வேறு

கணபதி, கோயம்புத்தூர்
12.07.2025

அன்புள்ள சுதாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. சித்திக்கு முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை. அண்ணனையும் மதினியையும் விசாரித்ததாகச் சொல். நாகர்கோவிலில் சாரல் இன்னும் விட்டபாடில்லை என்று மதினி போனில் சொன்னார்கள். அந்தச் சாரலுக்கும் இந்தக் கடிதத்தில் பங்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

நீ அனுப்பிய பார்சல் புதன்கிழமை வந்தது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நீ அழுதுகொண்டே பேசினாய், நான் சொன்ன கணக்கு எதுவும் காதில் ஏறியிருக்காது. அளவும் மணிநேரமும் உள்ள விஷயம் தாளில் இருப்பதுதான் நல்லது. வேண்டுமானால் உன் வேலை மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்.

பார்சலைப் பிரித்து, கல்யாண மாலைப் பூக்களை வைத்து நீ ரெசினில் வார்த்த கட்டியைப் பழைய வேட்டியில் வைத்துப் பார்த்தேன். எட்டு இஞ்ச் வட்டம், ஒரு இஞ்ச் கனம். ரோஜா இதழ், நாலைந்து சம்பங்கி, நடுவில் மாலையின் ஜரிகைக் குஞ்சம், கீழே தங்க எழுத்தில் பெண் மாப்பிள்ளை பெயரும் தேதியும். அமைப்பு அழகாக இருக்கிறது, கண் படும். கட்டை விரல் நகத்தை ஊன்றி அழுத்தினேன், இறங்கவில்லை. ஐந்து ரூபாய் நாணயத்தால் ஓரத்தில் தட்டினேன், பீங்கான் தட்டு மாதிரி ‘ணங்’ என்றது. ஆக, உன் கட்டி இன்றைக்குக் கல்.

பிறகு அதை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். அப்போதுதான் தெரிந்தது. முகம் முழுக்க, வரிசை வரிசையாக, பட்டாணி அளவில் வட்டங்கள். பபிள் ராப் அச்சு. கீழ் விளிம்பில் மரஸ்டாண்டின் இரண்டு முளைகள் உட்கார்ந்த குழி. இடது ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஜீராவில் விழுந்த ஜிலேபி மாதிரி ஒரு பிசுபிசுப்பு. ஆர்டர் கொடுத்த வீட்டார் திருப்பி அனுப்பியதில் தப்பே இல்லை.

“ரெசின் மட்டம் சித்தப்பா, ஏமாத்திட்டாங்க” என்று சொன்னாய். அது மட்டமான ரெசினாக இருந்தால் இன்றைக்கும் நகம் இறங்கும். இது நன்றாக இறுகியிருக்கிறது. ஆனால் இறுகுவதற்கு முன்னால் நீ அதைப் பபிள் ராப்பில் கட்டிவிட்டாய். கூரியர் வண்டி வெயிலில் போயிருக்கும், மேலே நாலு பார்சல் ஏறியிருக்கும். இளசாக இருந்த முகத்தில் குமிழி பதிந்தது. அதற்கப்புறம் ரெசின் தன் வேலையை ஒழுங்காக முடித்தது, தழும்போடு சேர்த்து. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 23 திங்கள் மாலை ஊற்றியிருக்கிறாய். 25 புதன் காலை மோல்டிலிருந்து எடுத்து, ஸ்டாண்டில் நிறுத்திப் போட்டோ எடுத்து, மத்தியானமே கூரியர். நாற்பது மணிநேரத்துக் குழந்தையைத் தூக்கி பஸ் ஏற்றிவிட்ட மாதிரி.

முதலில் ஒரு வார்த்தையை விட்டுவிடு. ‘காய்ந்துவிட்டது’, ‘காயவில்லை’ என்றே நீ பேசுகிறாய். பெயின்ட் காயும். அதிலுள்ள தின்னர் ஆவியாகப் போகும். உன் ரெசின் எபாக்ஸி, அதிலிருந்து எதுவும் போவதில்லை. 900 கிராம் ஊற்றினால் இறுகிய பிறகும் 900 கிராம்தான். அதனால்தான் நீ ஃபேனைப் போட்டும் பயன் இல்லை, தூசி மட்டும் ஒட்டியது. மொட்டை மாடி வெயிலில் வைத்ததும் அப்படித்தான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் ரெசினை மஞ்சளாக்கும். நான் வேலை பார்த்த ரெசின் வார்ப்பு ஆலையில் ‘க்யூர் ஆகுது’ என்போம். தமிழில் ‘இறுகுகிறது’ என்று சொன்னால் சரியாக வரும்.

எப்படி இறுகுகிறது? நீ கேட்டாயே, “கொஞ்சம் ஹார்ட்னர் கூட ஊத்தினா சீக்கிரம் ஆகுமா?” என்று, பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. உனக்கு அந்த யோசனையைச் சொன்னவர் பைபர் போட் கட்டுகிறவராக இருப்பார். அவர்கள் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசின். அதில் கேட்டலிஸ்ட் சில சொட்டுதான், பாலுக்கு உறைமோர் ஊற்றுவது போல. கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் உறையும். எபாக்ஸிக்கு உறைமோர்க் கணக்கு கிடையாது. அதற்குப் பூவும் நாரும் கணக்கு. மதினி மாலை கட்டுவதைப் பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு முடிச்சு. நார் கூட இருந்தால் மாலை நீளாது, மிச்ச நார் தொங்கும். நார் குறைந்தால் பூ உதிரும். ரெசினின் ஒவ்வொரு முனையையும் ஹார்ட்னரில் இருக்கும் அமீன் ஒரு கையால் பிடித்து முடிச்சுப் போடுகிறது. முடிச்சுகள் நாலா பக்கமும் கோத்துக் கோத்து ஒரே வலையாவதுதான் இறுகுவது. கூட ஊற்றிய ஹார்ட்னர் பிடிக்க ஆளில்லாமல் உள்ளேயே நிற்கும். கட்டி மெத்தென்றே இருந்துவிடும், மஞ்சளும் அடிக்கும்.

அளவு விஷயத்தில் இன்னொரு குழி இருக்கிறது. டப்பாவில் 2:1 என்றால் பெரும்பாலும் கொள்ளளவில், அதாவது மில்லியில். நீ சமையலறைத் தராசில் 2:1 நிறுத்திருந்தால் அது வேறு. ரெசின் கனமானது, ஹார்ட்னர் லேசானது. கொள்ளளவில் 2:1 என்பது எடையில் சுமார் 100க்கு 44, 45 தான் வரும். 50 நிறுத்தால் ஹார்ட்னர் எட்டில் ஒரு பங்கு அதிகம். எடைக்குத் தனி விகிதம் டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கும், அதைத் தேடு. ஒரு ரெசினின் கணக்கை இன்னொன்றுக்குப் போடாதே. எங்கள் லேபில் எல்ஒய் 556 என்ற ரெசினுக்கு ஹெச்ஒய் 951 ஹார்ட்னர் எடையில் 100க்கு 10தான்.

இப்போது நேரக் கணக்கு. ஒரே டப்பாவுக்கு மூன்று கடிகாரம் ஓடுகிறது.

முதல் கடிகாரம், கலக்கியதிலிருந்து ஊற்றி முடிக்கும் வரை. நீ முதலில் வாங்கிய 1:1 கோட்டிங் ரெசினுக்கு இது 20 முதல் 40 நிமிடம். இப்போது வாங்கும் ஆழமான கேஸ்டிங் ரெசின் மெதுவானது, மணிக்கணக்கில் நேரம் தரும்.

இரண்டாவது, உறைந்து மோல்டை விட்டு எடுக்கும் நேரம். கோட்டிங் ரெசினுக்கு ஏறக்குறைய ஒரு நாள். கேஸ்டிங் ரெசினுக்கு இரண்டு, மூன்று நாள்.

மூன்றாவது, முழுக்க இறுகும் நேரம். பெரும்பாலான டப்பாக்களில் ஏழு நாள், சிலவற்றில் அதற்கும் மேலே.

உன் டப்பாவின் போட்டோவை அனுப்பியிருந்தாய். முன்பக்கம் 24 மணிநேரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஏழு நாள் என்பது பின்பக்கம் எறும்பு எழுத்தில். நீ முன்பக்கத்தை மட்டும் படித்தாய். உறைந்தது வேறு, இறுகியது வேறு என்று அந்த டப்பாக்காரனும் கொட்டை எழுத்தில் போடமாட்டான்.

ஏன் கடைசிப் பகுதி இவ்வளவு நாள் இழுக்கிறது என்று கேட்பாய். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்றிருக்கிறாய். காலையில் ஆட்கள் வரும்போது யாரையும் தேடிப் போய்ப் பார்த்துவிடலாம். தேர் கிளம்பும் நேரத்துக்கு, உன் மாமா பத்தடி தூரத்தில் நின்றாலும் போய்ச் சேர முடியாது. ரெசினும் அப்படித்தான். முதல் நாளிலேயே பெரும்பாலான முடிச்சுகள் விழுந்துவிடும். அதற்குள் எல்லாம் கெட்டியாகிவிடுவதால் மிச்சக் கைகள் ஒன்றையொன்று எட்ட நாள் கணக்கில் ஆகும். லேசாகச் சூடு கொடுத்தால் கூட்டம் கொஞ்சம் இளகும், கைகள் எட்டும். அதைத்தான் ஆலையில் போஸ்ட் க்யூர் என்போம்.

அந்த ஆலையில் நாங்கள் வார்த்தது 11 கேவி மின்பேனல்களுக்கான கரண்ட் டிரான்ஸ்பார்மரும் பொட்டென்ஷியல் டிரான்ஸ்பார்மரும், அதாவது சி.டி., பி.டி. செம்புச் சுருளைச் சூடாக்கிய இரும்பு மோல்டில் வைத்து, வேக்குவத்தில் ரெசின் ஊற்றுவோம். அது வேறு வகை ஹார்ட்னர், சூட்டில்தான் வேலை செய்யும். 80 டிகிரியில் உறைய விட்டு, பிறகு 130 வரை ஏற்றி, ஒரு இரவு முழுக்க ஓவனில். உள்ளே சிலிக்கா பவுடர் பாதிக்கு மேல் இருக்கும். சூட்டையும் சுருக்கத்தையும் அடக்க அது. காலையில் ஓவன் கதவை உடனே திறக்க விடமாட்டார் எங்கள் போர்மேன். அது மெதுவாக ஆற வேண்டும். ஒரு தடவை அவசர ஆர்டருக்காகக் கதவைத் திறந்தோம். ஐந்தாறு நிமிஷத்தில் உள்ளேயிருந்து சுள்ளென்று ஒரு சத்தம். சி.டி.யின் தோளில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் மின்சாரம் வழி கண்டுபிடிக்கும், எடுத்துத் தூரப் போட வேண்டியதுதான். உன் தொழிலில் வெடிப்பு விழுந்தால் மாலை போச்சு. அதனால் நீயும் சூட்டோடு விளையாடாதே.

சூடு என்றதும் அடுத்த விஷயம். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு. பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 25ல் 40 நிமிடம் நிற்கும் கலவை, சித்திரை மாதத்து 35ல் 20 நிமிடம்தான். ஊட்டியில் 15 டிகிரியில் யாராவது ஊற்றினால் ஒன்றேகால் மணிக்கு மேல் நிற்கும், மோல்டிலிருந்து எடுக்கவும் அதே மாதிரி நாளாகும்.

இதோடு அளவும் சேரும். ரெசின் இறுகும்போது சூட்டைத் தானே உண்டாக்கும். மெல்லிசாகப் பரப்பினால் சூடு வெளியேறிவிடும், குவியலாக இருந்தால் உள்ளேயே தங்கி இன்னும் வேகமாக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு பிளாஸ்டிக் மக்கில் அரைக் கிலோவுக்கு மேல் வேகமான கலவையைக் கலக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மக்கிலிருந்து வெள்ளைப் புகை. மக் சாய்ந்து உருகியிருக்கிறது. உள்ளே பொரித்த அப்பளம் மாதிரி குமிழி குமிழியாக, காபி நிறத்தில் ஒரு உருண்டை. போர்மேன் திட்டவில்லை. அந்த உருண்டையை என் லாக்கருக்கு மேலே வைத்துவிட்டார், நான் ரிட்டயர் ஆகும் வரை அது அங்கேயே இருந்தது. ஆகவே கலக்கியதும் கப்பில் வைத்திருக்காதே, ஊற்றிவிடு. கோட்டிங் ரெசினை ஒரே தடவையில் ஒரு இஞ்ச் ஊற்றாதே, அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஊற்றினால் நடுவில் இருக்கும் ரோஜா வெந்து கறுக்கும். ஆழமாக ஊற்ற ஆழத்துக்கென்றே வரும் மெதுவான ரெசின்தான் சரி. அது மெதுவாக இறுகுவது குறையே இல்லை. சூட்டை அடக்குவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இரண்டு மூன்று அடுக்காக ஊற்றினால், முதல் அடுக்கு கையுறை விரலில் ஒட்டியும் நூல் இழுக்காத பதத்தில், அல்வா திரண்டு வரும் பதம் என்று வைத்துக்கொள், அடுத்ததை ஊற்று. இரண்டும் ஒன்றாகிவிடும். பதம் தவறி முழுக்கக் கெட்டியாகிவிட்டால் 220ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

இப்போது சாரல். ஈரக்காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்து இறுக விட்டால், மேலே மெழுகு தடவின மாதிரி வழுக்கும் ஒரு படலம் வரும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்ட்னரைப் பிடித்துக்கொள்வதால் வருவது. அதைத் தேய்க்காதே, தேய்த்தால் கீறலுக்குள் அப்பிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்புப் போட்டுக் கழுவு. ஆடி முடியும் வரை ஏ.சி. அறையில் ஊற்று.

கட்டியின் இடது ஓரத்துப் பிசுபிசுப்பு உன் கை வேலை. அது ஏழு நாளில்லை, ஏழு மாதம் ஆனாலும் இறுகாது. கப்பின் சுவரில் ஒட்டியிருந்த, சரியாகக் கலக்காத ரெசினை ஸ்பூனால் வழித்து ஓரத்தில் விட்டிருக்கிறாய். சிக்கனம் நம் குடும்ப வழக்கம், தெரியும். இனிமேல் மூன்று நிமிடம் கலக்கி, வேறொரு சுத்தமான கப்பில் மாற்றி, இன்னும் இரண்டு நிமிடம் கலக்கு. பழைய கப்பை வழிக்காதே.

அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். அண்ணன் அரால்டைட் டியூபைக் கடைசிச் சொட்டு வரை சுருட்டிப் பிழிவார். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது உடைந்த குத்துவிளக்கின் அன்னத்தை ஒட்டி, நூலால் சுற்றி, “காலையில் வரைக்கும் யாரும் தொடப்படாது” என்று அலமாரி மேலே வைத்தாரே, அதே சரக்குதான் இது. ஐந்து நிமிடத்தில் ஒட்டும் வகை கடைக்கு வந்த பிறகும் அவர் ராத்திரி முழுக்க வைக்கும் பழையதைத்தான் வாங்குவார். அது சரியும்கூட. மெதுவாக இறுகுவதுதான் கூடுதல் பலம். இதன் பூர்வீகம் கேட்டால் சிரிப்பாய். பியர் காஸ்டான் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலாளர் 1930களின் கடைசியில் பல்செட் செய்ய ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடித்தது. பல்செட்டுக்கு அது எடுபடவில்லை. சீபா கம்பெனி அந்த உரிமையை வாங்கி, 1946ல் அரால்டைட் என்று பெயர் வைத்துப் பசையாக விற்றது. வாய்க்குள் போக வேண்டியது குத்துவிளக்குக்கும் உன் மாலைக்கும் வந்திருக்கிறது.

பூவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். ரோஜா இதழ் சிலிக்கா ஜெல்லில் ஒரு வாரத்தில் உலரும். சம்பங்கி சதைப்பற்றுள்ளது, ஏமாற்றும். தராசில் தினமும் நிறுத்துப் பார். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால்தான் ஈரம் போனதாக அர்த்தம். இந்தக் கட்டியில் ஒரு சம்பங்கியைச் சுற்றி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி லேசான மூட்டம் இருக்கிறது. அது உள்ளே இருந்த ஈரம். அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. நல்லவேளை, குஞ்சத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

மற்றதைச் சரி செய்துவிட்டேன். வியாழக்கிழமை பிசுபிசுப்பை பிளேடால் சுரண்டி, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, 220, பிறகு 400 உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். வட்டங்கள் போய்விட்டன. நேற்று மாலை ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, மேலே மெல்லிசாக ஒரு கோட்டிங். மிச்சத்தை ஒரு சின்னக் கப்பில் ஊற்றி, தேதியும் நேரமும் எழுதி, பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஆலையில் இதற்குச் சாட்சி கப் என்று பெயர். உருப்படியில் நகத்தை வைக்காதே, சாட்சியில் வை. சாட்சியை உருப்படியைவிட மெல்லிசாக ஊற்று. மெல்லிசு தாமதமாகத்தான் இறுகும், அது தேறிவிட்டால் கட்டி எப்போதோ தேறியிருக்கும்.

அந்த வீட்டாருக்கு நீயே போன் செய். ரெசின் மேல் பழி போடாதே. “அவசரப்பட்டு அனுப்பிவிட்டேன், சரி செய்து தருகிறேன்” என்று சொன்னால் கேட்பார்கள். அவர்களுக்கு வேறு மாலை இல்லை, உனக்கு வேறு பெயர் இல்லை. இனி யார் கேட்டாலும் 45 நாள் என்று சொல். உலர்த்த மூன்று வாரம், அடுக்கடுக்காக ஊற்ற ஒரு வாரம், தேய்த்து மேல் கோட்டிங் போட ஒரு வாரம், கடைசிக் கோட்டிங் இறுக ஏழு நாள், கையிருப்பு மூன்று நாள். பாலீதீனோ பபிள் ராப்போ நேராக முகத்தில் படக் கூடாது. நடுவில் பட்டர் பேப்பரும் மெல்லிய துணியும் வை.

கையுறை இல்லாமல் ஹார்ட்னரைத் தொடாதே. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குப் பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் முழங்கை வரை தடித்துச் சிவந்தது. அதன் பிறகு அவரால் அந்த ஷெட்டுக்குள்ளேயே வர முடியவில்லை. கையில் பட்டால் ஆல்கஹாலில் துடைக்காதே, சோப்புப் போட்டுக் கழுவு. தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சித்தி வந்து, கட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, “கண்ணாடி மாதிரி காஞ்சிருச்சே, திங்கக்கிழமை கூரியர்ல போட்டுடலாமே, பாவம் பிள்ளை காத்திட்டிருப்பா” என்றாள். சாட்சி கப்பை எடுத்து நீட்டினேன். நகத்தை வைத்தாள். பிறை மாதிரி ஒரு கோடு விழுந்தது. ஒன்றும் பேசாமல், பெரிய எவர்சில்வர் சட்டியைக் கட்டியின் மேல் தூசி படாமல் கவிழ்த்து மூடிவிட்டுப் போய்விட்டாள். காலண்டரில் 19ஆம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அன்று காலை சாட்சியை விசாரித்துவிட்டு, அது சரி என்றால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா